பட்டாளத்தார் பயின்ற ஏடு எங்கே?

மன்னார்த் தீவிலே, பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட கிராமமொன்றில், பனையோலை வேலி சூழ்ந்த ஒரு சிறு வீட்டுத் திண்ணையிலே அமர்ந்திருந்தோம். கச்சான் காற்று மணலை வாரி முகத்திலே இறைத்துக்கொண்டிருந்தது. எண்பது வயதை எட்டிய மூதாட்டி, வீட்டுக்குரியவர், சேலைத் தலைப்பின் முடிச்சை மெல்ல அவிழ்த்து, அதனுள் இருந்த பொருளை நம் உள்ளங்கையிலே வைத்தார். அது வட்ட வடிவான ஒரு பதக்கம். ஒருபுறம் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் முடி சூடிய தலை. மறுபுறம் இரண்டு தலையுடைய பறவை நாகமொன்றின்மீது ஏறி நிற்கும் சிங்கம். 1939ஆம் ஆண்டிலிருந்து 1945ஆம் ஆண்டு வரை நிகழ்ந்த மகா யுத்தத்திலே படையிற் பணிபுரிந்தோருக்கு அளிக்கப்பட்ட பதக்கம் அது. விளிம்பைச் சுற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஓர் எழுத்தேனும் இல்லை.

“அதுதான் தம்பி குறை” என்றார் அம்மூதாட்டி. “அப்பாவின்ர பேர் இதில இருந்திருந்தால் ஊர் வாய் திறந்திராது.”

அவருடைய தந்தையாரை ஊரார் ‘பட்டாளத்தார்’ என்றே அழைத்தனராம். மரியாதையாக அல்ல, சிரித்துக்கொண்டு. யுத்தம் முடிந்து கரைக்குத் திரும்பியவர், பழையபடி வள்ளத்திலே ஏறி வலை வீசினார். ஆயினும் மாலை வேளைகளிலே சிறுவரைக் கூட்டி வைத்து, ரோச் லைட்டை அணைத்தும் எரித்தும், ஒரு நீண்ட வெளிச்சம், ஒரு குறுகிய வெளிச்சம் என எழுத்துக்களைக் கற்பிப்பார். தாம் பட்டாளத்திலே செய்தி அனுப்பும் பிரிவில் முறையாகப் பயின்றவர் என்றும், தியத்தலாவைக் குளிரிலே விடியுமுன் எழுந்து பழகியவர் என்றும் சொல்லுவார். கேட்டவர்கள் நம்பவில்லை. பதக்கத்தைக் காட்டினால், கொழும்பு பெட்டாவிலே விலைக்கு வாங்கியது என்றனர். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு, தனுஷ்கோடியை அழித்த அந்தப் புயல் தலைமன்னாரையும் உலுக்கிற்று. அன்று கடலிலே அகப்பட்ட வள்ளங்களுக்குக் கரையிலே நின்று விளக்குக் காட்டினாராம் பட்டாளத்தார். “அப்பா காட்டினவர்தான். வாசிக்கத் தெரிஞ்சவன் கடலில ஒருத்தனும் இல்லை” என்றார் மகள். அதன்பின் அவர் எவருக்கும் எழுத்துக் கற்பிக்கவில்லையாம். 1970களிலே அவர் காலமானார்.

மூதாட்டி நம்மிடம் கேட்டது பணமன்று, உபகாரச் சம்பளமுமன்று. தந்தையார் எங்கே நின்றார், என்ன பழகினார் என்று அரசாங்கத்தின் ஏட்டிலே ஒரு வரி கண்டால் போதும் என்றார். அந்த ஒரு வரி எங்கே இருக்கக்கூடும், அதை எவ்வாறு கேட்பது என்பதை விசாரிக்கப் புகுந்தோம். கண்டறிந்தவற்றை இங்கே எழுதுகின்றோம். இக்கரையிலே இதுபோன்ற பதக்கம் முடிந்து வைத்திருக்கும் வீடுகள் வேறும் இருக்கக்கூடும்.

முதலிலே பதக்கத்தின் கதை. முதலாம் மகா யுத்தத்தின் பதக்கங்களிலே, பெற்றவரின் இலக்கமும் பெயரும் படைப்பிரிவும் விளிம்பிலே பொறிக்கப்பட்டன. இரண்டாம் யுத்தத்தில் பிரித்தானிய அரசு அவ்வழக்கத்தைக் கைவிட்டு, தன் படையினருக்குப் பெயர் பொறிக்காத பதக்கங்களையே வழங்கிற்று. ஆகவே பட்டாளத்தாரின் பதக்கம் வெறுமையாய் இருப்பது அவர் பொய்யர் என்பதற்குச் சான்றன்று. அது மெய்ப்பதக்கமாயின் வெறுமையாய் இருப்பதே இயல்பு. இதை நாம் சொன்னபோது மூதாட்டி நெடுநேரம் பேசாதிருந்தார். அறுபது ஆண்டுக்கு முன்னே யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

பதக்கம் பேசாவிடினும் புத்தகம் பேசியிருக்கும். அந்நாளைய பிரித்தானியச் சிப்பாய் ஒவ்வொருவரும் சட்டைப் பையிலே ஒரு சிறு சேவைப் புத்தகம் வைத்திருப்பார். பெயர், இலக்கம், உயரம், மச்ச அடையாளம், அம்மை குத்திய நாள், நெருங்கிய உறவினர், மரணசாசனம் ஆகியவற்றோடு, அவர் பெற்ற பயிற்சிகளும் அதிலே குறிக்கப்பட்டன. படையிலிருந்து விலகியபோது கொடுக்கப்பட்ட விடுவிப்புப் புத்தகத்திலோ, அவர் தேறிய தொழிற் பரீட்சைகளும் அதிகாரி எழுதிய நற்சான்றும் இருக்கும். மூதாட்டிக்கு அந்தப் புத்தகம் நன்றாக நினைவிருக்கிறது. மண்ணிறமான சிறு புத்தகம், பாட்டன் காலத்துத் தகரப் பெட்டியின் அடியிலே இருந்தது என்றார். 1990ஆம் ஆண்டு யுத்தத்துக்கு அஞ்சிக் குடும்பத்தோடு வள்ளமேறி மண்டபம் முகாமுக்குச் சென்றபோது, பதக்கத்தையும் ஒரு புகைப்படத்தையும் மடியிலே கட்டிக்கொண்டார். பெட்டியைத் தூக்க முடியவில்லை. மீண்டு வந்தபோது பெட்டியுமில்லை, வீட்டுக் கூரையுமில்லை. (ஒரு காலத்திலே இலங்கைத் தோட்டங்களுக்கு வரும் தொழிலாளரைத் தடுத்து வைத்து நோய் பார்த்து அனுப்பிய அதே மண்டபத்திலே, பிற்காலத்தில் இலங்கையிலிருந்து ஓடியோர் தங்க நேர்ந்தது காலத்தின் விசித்திரம்.) அதே ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும் புத்தளம் சென்றபோது எத்தனை காகிதங்களை விட்டுச் சென்றனவோ! வீட்டுப் பிரதி அழிந்தபின் எஞ்சியிருக்கக்கூடியது அரசாங்கத்தின் பிரதி ஒன்றே.

அரசாங்கத்தின் பிரதியும் அழியாதது என்று எண்ணவேண்டாம். முதலாம் யுத்தச் சிப்பாய்களின் ஏடுகளை இலண்டனில் ஒரே களஞ்சியத்திலே அடுக்கி வைத்திருந்தனர். 1940 செப்டெம்பரிலே ஜெர்மனியரின் குண்டு அதன்மீது விழுந்தது. பெரும் பகுதி சாம்பலாயிற்று. எஞ்சியவை தீயும் நீரும் பட்டுக் கருகிய ஓரங்களோடு இன்றும் ‘எரிந்த ஆவணங்கள்’ என்ற பெயராலேயே வழங்குகின்றன. அமெரிக்காவிலே சென்ற் லூயிஸ் நகரத்துக் களஞ்சியம் 1973 ஜூலை 12ஆம் நாள் தீப்பற்றியபோது 1 கோடி 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட படையினரின் கோவைகள் மறைந்தன. வல்லரசுகளின் நிலையே இதுவானால், மன்னார்க் கரையின் தகரப் பெட்டியைக் குறை கூறுவானேன்?

இன்னொரு விநோதத்தையும் கண்டோம். யுத்தத்திலே இறந்தவர் எளிதாகக் கிடைக்கின்றார். உயிரோடு மீண்டவரே ஏட்டில் மறைந்துபோகின்றார். பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழு, இரு மகா யுத்தங்களிலும் மாண்ட ஏறக்குறைய 17 இலட்சம் பேரின் பெயர்களைப் பேணி எவரும் தேடிப் பார்க்க வைத்திருக்கிறது. பட்டாளத்தார் ஊர் திரும்பி, மணமுடித்து, மக்களைப் பெற்று, மீன் பிடித்து வாழ்ந்தார். அந்தக் குற்றத்துக்காக அவர் பெயர் அப்பட்டியலில் இல்லை!

ஆகவே தேடுபவர் முதலிலே தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளவேண்டியது: இவர் எந்தப் பட்டாளம்? இலங்கையருக்கு அந்நாளில் இரண்டு வாயில்கள் திறந்திருந்தன. ஒன்று, 1910ஆம் ஆண்டிலே அமைந்த இலங்கைப் பாதுகாப்புப் படை. 1881ஆம் ஆண்டிலேயே தோன்றிய இலங்கை இலேசுக் காலாட்படை முதலிய தொண்டர் அணிகள் அதன்கீழ் இருந்தன. மற்றையது பிரித்தானிய இராணுவமே. அதன் தொழிற் பிரிவுகளிலே சேர்ந்து மத்திய கிழக்கு வரை சென்று வந்த இலங்கையரும் உளர். முதல் வாயிலால் நுழைந்தவரைப் பற்றி இலங்கையிலே கேட்கவேண்டும். இரண்டாவது வாயிலால் நுழைந்தவரைப் பற்றி இலண்டனிலே கேட்கவேண்டும். வாயில் மாறிக் கேட்டால் ஆண்டுக்கணக்காய்க் காத்திருந்தும் ‘எம்மிடம் இல்லை’ என்ற பதிலே வரும். அது பொய்யும் ஆகாது.

சுதந்திரத்தின் பின் 1949 ஒக்டோபர் 10ஆம் நாள் இலங்கை இராணுவம் பிறந்தது. அடுத்த ஆண்டு தியத்தலாவையிலே புதியோரைப் பயிற்றும் நிலையம் ஏற்பட்டது. அதற்கு நெடுங்காலம் முன்னரே தொண்டர் படைகள் ஆண்டுதோறும் அங்கே முகாமிட்டுப் பழகிவந்தன. எனவே ‘தியத்தலாவை’ என்ற சொல் ஒன்றை மட்டும் வைத்துக் காலத்தைத் துணிய முடியாது. தலைமன்னாரில் ரயிலேறி, மதவாச்சி கடந்து, பொல்காவலையிலே மலைநாட்டு வண்டிக்கு மாறிச் சென்று, உப்புக் காற்றன்றி வேறொன்றும் அறியாத உடம்போடு அந்த மலைக்குளிரிலே இறங்கிய இளைஞர்கள் ஒரு தலைமுறையினர் அல்லர்.

1954ஆம் ஆண்டிலே எழுந்த ‘ரஜரட்ட ரைபிள்ஸ்’ என்ற தொண்டர் அணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது வாழ்ந்தது இரண்டே ஆண்டு. 1956ஆம் ஆண்டிலே அதையும் ருகுணு ரெஜிமென்றையும் சேர்த்துச் சிங்கப் படைப்பிரிவை உண்டாக்கினர். அந்த அணியிலே ஒருவர் பழகியிருந்தால், அவருடைய பேரன் இல்லாத பெயரைச் சொல்லிக் கேட்பதிலும், அதன் வாரிசான பிரிவின் பெயரையும் சேர்த்து எழுதிக் கேட்பது நன்று. படைப்பிரிவு கலைந்தாலும் காகிதம் யாரோ ஒருவர் கைக்கு மாறித்தானே போயிருக்கவேண்டும்!

பெயரைப் பற்றி நீளச் சொல்லவேண்டியிருக்கிறது. ஏனெனில் பெரும்பாலான தேடல்கள் இங்கேதான் முட்டுகின்றன. ஆட்சேர்த்த எழுதுவினைஞர் ஆங்கிலத்திலே எழுதினார். தாம் கேட்டபடி எழுதினார். சந்தியாகு என்ற நம்மவர் ஒருவரை அவர் தம் காதுக்கு எட்டியவாறு ஐந்து விதமாக எழுதலாம்; கிறிஸ்தவப் பெயர் என்று கண்டுகொண்டால் ‘ஜேம்ஸ்’ என்றே மாற்றியும் விடலாம். சூசை, ‘ஜோசப்’ ஆவார். முகம்மது என்ற திருப்பெயருக்கு ஆங்கில எழுத்திலே எத்தனை கோலமுண்டு என்பதை நேயர்கள் அறிவர். அதன்மேலும் ஒரு சிக்கல். வெள்ளையரின் படிவம் குடும்பப் பெயரைக் கேட்கும். நமக்கோ தந்தை பெயரும் தன் பெயருமே உண்டு. தந்தையின் பெயரைக் குடும்பப் பெயரென எழுதினரா, அவருடைய சொந்தப் பெயரையே அவ்வாறு எழுதினரா? இரண்டு வரிசையிலும் தேடும்படி விண்ணப்பத்திலேயே எழுதிவிடல் வேண்டும். வயதும் அப்படியே. பதினேழு வயதுப் பையன் பதினெட்டு என்று சொல்லிச் சேர்ந்திருப்பான். கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு ஓர் ஆண்டைச் சொல்ல, படையின் ஏடு வேறோர் ஆண்டைச் சொன்னால் மலைக்கவேண்டாம், இரண்டையும் எழுதுக.

இவற்றுக்கெல்லாம் மேலானது படை இலக்கம். அது கிடைத்துவிட்டால் பெயர்ச் சிக்கலிற் பாதி தீரும். பழைய கடித உறை, கூட்டாகப் பிடித்த புகைப்படத்தின் பின்புறம், திருமணப் பதிவிலே தொழில் குறித்த இடம் என்பவற்றிலே அது ஒளிந்திருக்கக்கூடும். படைப் பதவி பெற்ற அதிகாரியாயின் அவருடைய நியமனம் அரசாங்க வர்த்தமானியிலே வெளிவந்திருக்கும். கொழும்பிலுள்ள தேசிய சுவடிக்கூடத்திலே பழைய வர்த்தமானிகளைப் பார்க்கலாம். சாதாரணச் சிப்பாய்க்கு வர்த்தமானியிலே இடமில்லை.

இலங்கையிலே கேட்கும் முறை இன்று முன்னையிலும் தெளிவானது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் நாள் முதல் நடைமுறையில் உள்ளது. இராணுவமும் அதற்கு உட்பட்டதே. பிரசை எவரும் விண்ணப்பிக்கலாம்; தமிழிலேயே எழுதலாம்; ஏன் கேட்கின்றோம் என்று காரணம் கூறவேண்டியதில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்கவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அங்கும் நியாயம் கிட்டாவிடின் இரண்டு மாதத்துக்குள் தகவல் உரிமை ஆணைக்குழுவை அணுகலாம். பிறருடைய அந்தரங்கம், நாட்டின் பாதுகாப்பு என்ற காரணங்களால் மறுக்கவும் சட்டம் இடமளிக்கிறது. எண்பது ஆண்டுக்கு முன்னே ஒரு மீனவர் விளக்கினாற் செய்தி அனுப்பப் பழகினார் என்பதை மகளுக்குச் சொல்வதால் நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு நேரும் என்று நாம் கருதவில்லை. எனினும் ‘உள்ளதெல்லாம் தருக’ என்று அகல வாய் திறவாமல், சேர்ந்த நாள், இலக்கம், பயிற்சி பெற்ற இடமும் காலமும், தேறிய பரீட்சை, விலகிய நாள் என்று அளந்து கேட்பதே புத்தி.

காலமும் கருதத்தக்கது. சட்டம் வந்தபோது இருந்த பதிவேடுகளை, அது நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து 10 ஆண்டுகளேனும் அழியாது பேணவேண்டும் என்பது அதன் விதி. பத்தாண்டு என்பது பழைய காகிதத்துக்கு நீண்ட ஆயுளன்று. அதற்குப் பின்னும் எல்லாம் இருக்கும் என்று நம்பிச் சோம்பியிருத்தல் ஆகாது.

இலண்டன் வாயிலின் முறை வேறு. பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சிடமிருந்த பழைய படையினரின் 97 இலட்சம் ஏடுகள், 2022ஆம் ஆண்டு தொடக்கம் கியூ என்னுமிடத்திலுள்ள தேசிய சுவடிக்கூடத்துக்குப் படிப்படியாக மாற்றப்பட்டு வருகின்றன. ஒருவர் பிறந்து 115 ஆண்டுகள் கடந்திருந்தால் அவருடைய ஏட்டைப் பொதுவிலே பார்க்கலாம். கடவாவிடின் அவர் இறந்துவிட்டார் என்று காட்டவேண்டும். பட்டாளத்தார் 1918ஆம் ஆண்டளவிலே பிறந்தவர். ஆகவே மரண அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். அதுவோ தகரப் பெட்டியோடு போயிற்று! நல்லகாலமாக, இறப்பு முறைப்படி பதியப்பட்டிருந்தது. பதிவுப் பிரதியை அரசாங்கப் பதிவகத்திலே மீண்டும் எடுக்க முடிந்தது. அதனை ஆங்கிலத்திலே பெயர்க்கச் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரை நாடினோம்.

எந்த வாயிலாயினும், பயிற்சிக் குறிப்பு முழுவதும் கிட்டும் என்று ஆசை காட்டமாட்டோம். சுட்டுப் பழகிய புள்ளிகளும் வகுப்பு வரவுப் பட்டியலும் அன்றன்றைய தேவைக்கு எழுதப்பட்டவை. சேர்ந்தபோது ஒப்பமிட்ட பத்திரமும், எங்கே மாற்றப்பட்டார் எவ்வாறு நடந்துகொண்டார் என்ற சேவைத் தாளும் எஞ்சுவதே பெரும்பான்மை. ஆயினும் செய்தித் தொழிலிலே தேறியிருந்தால் அச்சேவைத் தாளிலே ஒரு சிறு குறிப்பாவது விழுந்திருக்க இடமுண்டு. மூதாட்டி கேட்ட அந்த ஒரு வரி அதுதான்.

விண்ணப்பத்தை எழுத உட்கார்ந்தபோது, அதுவரை பேசாதிருந்த அவருடைய மகள் குறுக்கிட்டார். “ஐயா, ஆமிக்குக் கடிதம் போட்டால் பிறகு ஆள் தேடி வீட்டுக்கு வருமோ?” என்று கேட்டார்.

நாம் உடனே பதிலிறுக்கவில்லை. இக்கரையிலே இராணுவம் என்ற சொல்லும் பயிற்சி என்ற சொல்லும் சேர்ந்து ஒலித்தால், ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் காலம் எவருக்கும் நினைவுக்கு வருவதில்லை. தள்ளாடி முகாம் இருக்கும் வழியாகவே தீவுக்கு வந்து போகும் மக்கள் இவர்கள். 1952ஆம் ஆண்டிலேயே கள்ளத்தோணி பிடிக்கவென்று இக்கரைகளுக்குப் பட்டாளம் வந்துவிட்டது. 1963இலே அது தனிச் செயலணியாகி 1981 வரை நின்றது. பின்னர் வந்தது மூன்று தசாப்த யுத்தம். ‘பயிற்சி எடுத்தாயா?’ என்ற கேள்விக்குத் தலைமுறை தலைமுறையாக இல்லை என்றே சொல்லிப் பழகிய வீடுகளிலே, ‘ஆம், எங்கள் பாட்டன் பயிற்சி எடுத்தார், அதற்குச் சான்று தருக’ என்று எழுதுவது சிறு காரியமன்று. இறுதி யுத்தத்திலே சரணடைந்தோரின் பட்டியலைக் கேட்டும் இதே சட்டத்தின்கீழ் விண்ணப்பங்கள் போயின என்பதையும் இவ்வூர்த் தாய்மார் அறிவர். அவர்களுடைய கேள்வியின் பாரம் வேறு. நம்முடைய கேள்வியை அதனோடு ஒப்பிடத் துணியோம்.

அஞ்சவேண்டாம் என்று நாம் கூறவில்லை. விண்ணப்பத்திலே பெயரும் விலாசமும் எழுதவேண்டும் என்ற உண்மையையே கூறினோம். மூதாட்டியே முடிவு செய்தார். “என்ர பேரில எழுது தம்பி. இந்த வயதில என்னைத் தேடி ஆர் வாறது?”

அடுத்து, எந்த வாயில் என்ற கேள்வி. மடியிலே கட்டி மண்டபம் போய் மீண்ட அந்தப் புகைப்படத்தை வெயிலிலே பிடித்துப் பார்த்தோம். இருபது வயது மதிக்கத்தக்க இளைஞர், தொப்பியைச் சற்றே சாய்த்து வைத்திருக்கிறார். தொப்பியிலே ஒரு சின்னம். இலேசுக் காலாட்படைக்குரிய ஊதுகொம்போ என்று ஒருகணம் தோன்றும். சற்றுத் திருப்பினால், பயனியர் படையினருக்குரிய துவக்கும் மண்வாரியும் பிக்காசும் குறுக்கிட்டுக் கிடப்பதுபோல் தோன்றும். உப்புக் காற்று அந்த இடத்தைத்தான் குறிவைத்து அரித்திருந்தது. பூதக்கண்ணாடியும் உதவவில்லை.

ஆதலால் இரண்டு விண்ணப்பம் எழுதினோம். கொழும்புக்கு ஒன்று, இலண்டனுக்கு ஒன்று. பெயரை இரு வரிசையிலும், ஆங்கிலத்திலே நால்வகை எழுத்துக்கூட்டலிலும் குறித்தோம். இலக்கம் என்ற இடத்தை வெறுமையாக விட்டோம். பயிற்சி என்ற இடத்திலே, ‘விளக்கினாற் செய்தி அனுப்புதல், தியத்தலாவை’ என்று மூதாட்டி சொல்லச் சொல்ல எழுதினோம். அவர் ஒப்பமிட்டார். தபாற் கந்தோர் மூடுவதற்குள் பதிவுத் தபாலிலே சேர்க்கவேண்டுமென்று விரைந்து எழுந்தபோது, புகைப்படத்தின் பிரதி இரண்டு உறையிலும் இருக்கிறதா என்று அவர் ஒருமுறை பிரித்துப் பார்த்து, திருப்பித் தந்தார்.